வலிக்கும் என்று சொன்னவர்

ஊசி போடுவதற்கு முன்னால் பிள்ளைகளிடம் 'வலிக்காது' என்று சொல்லாத ஒரே டாக்டரை நான் மதுரையில்தான் பார்த்தேன். "வலிக்கும்டா. கொஞ்ச நேரம் வலிக்கும். அப்புறம் நின்னுரும்" என்பார். பால் மணம் மாறாத பிள்ளைக்கு இதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று பக்கத்தில் நிற்கும் அம்மாக்களுக்குக் கோபம் வரும். பிள்ளை எப்படியும் அழும். ஆனால் அடுத்த முறை அதே டாக்டரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளாது. அதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது நான் அவர் இருந்த பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளிக்கொண்டிருந்தேன். காண்ட்ராக்ட் வேலை. அதற்கு முன்னால் தேனியில் ஓட்டலில் இலை எடுத்தேன், திண்டுக்கல் பக்கம் நூல் மில்லில் நின்றேன், கொஞ்ச காலம் லாரியில் கிளீனராகப் போனேன். எட்டாவதைப் பாதியில் விட்டவன். எந்த ஊரிலும் கால் தரிக்காது. இங்கே மட்டும் ஒன்றரை வருஷம்போல இருந்துவிட்டேன். வெயில் படாத வேலை, காண்டீனில் சாப்பாடு. அதுதான் காரணம். ஆனாலும் அந்த டாக்டரம்மா இருந்த மாடியிலேயே டூட்டி வேண்டும் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன் என்பதும் உண்மை.

சின்னக் குழந்தைகளுக்குத் தலையிலும் முதுகுத் தண்டிலும் வருகிற கட்டிகளுக்கு ஆபரேஷன் செய்கிறவர் அவர். இப்படி ஒரு வியாதி கைக்குழந்தைக்கு வரும் என்பதே எனக்கு அங்கே போன பிறகுதான் தெரியும். முதல் தடவை அவரைப் பார்த்தபோது அவர் டாக்டர் என்று எனக்குத் தோன்றவில்லை. வராண்டாவின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு சாத்துக்குடியை உருட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெள்ளைக் கோட்டின் ஓரம் தரையில் புரண்டது. நான் காலி ஸ்ட்ரெச்சரோடு வந்து, "அம்மா, கொஞ்சம் வழி விடுங்க" என்றேன்.

"இருங்க தம்பி. பிள்ளை எடுக்கட்டும்" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

ரெண்டு வயது இருக்கும் அந்தப் பையனுக்கு. உருண்டு போன பழத்துக்குப் பின்னால் நடந்தான். பக்கத்தில் போனதும் குனியவில்லை. முதுகை நட்ட குச்சி மாதிரி நேராக வைத்துக்கொண்டு, முழங்காலை மட்டும் மடக்கி உட்கார்ந்து, கையால் துழாவிப் பழத்தை எடுத்தான். அவனுடைய அம்மா சிரித்தாள்.

"எப்பவும் இப்பிடித்தான் டாக்டரம்மா, பெரிய மனுசன் கணக்கா உக்காருவான். எங்க வீட்ல இவனைப் பஞ்சாயத்துத் தலைவருன்னுதான் கூப்பிடுவோம்."

"பொறந்ததுல இருந்தேவா?"

"இல்ல, இப்பக் கொஞ்ச நாளாத்தான்."

"மல்லாக்கப் படுப்பானா?"

"எங்கம்மா? ராத்திரி முழுக்கத் தோள்லதான். இறக்கிப் போட்டா ஊரையே கூட்டுவான். செல்லம் குடுத்துக் கெடுத்துட்டோம்."

"செல்லம் இல்லம்மா. அவனுக்கு முதுகு வலிக்குது."

அந்த அம்மாவின் சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. "சரியாயிரும்ல?" என்று கேட்டாள்.

"தெரியல. படம் எடுத்துப் பாத்துட்டு, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

அந்தப் பையனின் முதுகுத் தண்டில் கட்டி இருந்தது. எடுத்தார்கள். சில வாரம் கழித்து அவனே நடந்து லிஃப்டுக்குப் போனான். ஆனால் அந்த அம்மா கேட்ட அன்றைக்கு 'சரியாயிரும்' என்ற ஒரு வார்த்தையை டாக்டரம்மா கொடுக்கவில்லை. யாருக்கும் கொடுத்ததில்லை. காலில் விழுந்து கேட்டவர்கள் உண்டு. அவர்களைத் தூக்கி நிறுத்தி, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொள்வார். எவ்வளவு நேரமானாலும் உட்கார்ந்திருப்பார். அந்த வார்த்தை மட்டும் வராது.

என்னோடு வேலை பார்த்த பரவை ஊர்க்காரர் ஒருவர் சொல்வார்: "அந்தம்மாவுக்கு ஆண்டவன் நாக்குல இனிப்பே வைக்கல மாப்ள. அம்புட்டையும் கையில வச்சுட்டான்."

தரையில் உட்காருவதைப் பற்றியும் கேலி உண்டு. துப்புரவு மேஸ்திரி ஒருநாள் அவரிடமே, "மேடம், நீங்க உக்காருவீங்கன்னே இந்த வராண்டாவை ரெண்டு தடவை தொடைக்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொண்டார். "அப்ப நான் உக்காராத வராண்டா எல்லாம் எப்படி இருக்குன்னு ஒரு நாள் போய்ப் பாக்கணுமே" என்றார் டாக்டரம்மா.

அவர் மதுரைக்காரர்தான். சௌராஷ்டிரக் குடும்பம். தாத்தா காலம் வரை தறி. அம்மாவோடு போனில் பேசும்போது அவர்களுடைய பாஷையில் படபடவென்று, உரக்கப் பேசுவார். எங்களிடம் பேசும் தமிழ் வேறு ஆள் பேசுவதுபோல மெதுவாக இருக்கும். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "தறிச் சத்தத்துல வளர்ந்தா கத்தித்தான் பேச வரும் தம்பி. இங்க வந்து அடக்கக் கத்துக்கிட்டேன்" என்றார்.

அவரிடம் வருகிற பிள்ளைகள் நேராக வருவதில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்தால் 'உரம் விழுந்திருக்கு' என்று சேலையில் போட்டு உருட்டியிருப்பார்கள். காலையில் எழுந்ததும் வாந்தி எடுத்தால் தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று தொக்கம் எடுக்கிறவரிடம் போயிருப்பார்கள். பல் முளைக்கிறது, கண் பட்டிருக்கிறது, நடக்கச் சோம்பல் என்று மாதம் ஓடியிருக்கும். இளம் டாக்டர்கள் அதைக் கேட்டு எரிந்து விழுவார்கள். இவர் விழமாட்டார். "தலை வலிக்குதுன்னு பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. நமக்கும் கேக்கத் தெரியாது" என்பார். அவர் கேட்பது எப்போதும் ரெண்டே கேள்விதான். பிள்ளை புதுசா என்ன செய்யுது? முன்னாடி செஞ்சதுல எதை விட்டுருச்சு? கேட்டுவிட்டுப் பழத்தை உருட்டிவிடுவார். பிள்ளை எந்தப் பக்கம் சாய்ந்து நடக்கிறது, எந்தக் கையை நீட்டுகிறது, கண் பழத்தோடு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். பாதி அதிலேயே தெரிந்துவிடும் என்பார்.

அலங்காநல்லூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. ஒன்றரை வயது. தோள் வரை சுருள் முடி. அப்பா டிராக்டர் ஓட்டுகிறவர். அவருடைய அப்பா காலத்தில் அடுத்தவர் வயலில் கூலி. இவர் கொஞ்சம் நிலம் வாங்கி நெல் போட்டிருந்தார். கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்த பிள்ளை. டாக்டரம்மா பழத்தை உருட்டியதும் அது சிரித்துக்கொண்டே எழுந்தது, காலை அகட்டி வைத்து நாலடி தள்ளாடியது, இடதுபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. விடவில்லை. தவழ்ந்து போய்ப் பழத்தைப் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மா கைதட்டினார். ஆனால் அவர் முகம் சிரிக்கவில்லை.

படம் எடுத்தார்கள். பின்மூளையில் கட்டி. அது நீரோடும் வழியை அடைத்ததால் மூளைக்குள் தண்ணீர் சேர ஆரம்பித்திருந்தது. வீக்கம் வடிய மருந்து கொடுத்ததும் பிள்ளை தெளிந்துவிட்டது. வாந்தி நின்றது. வார்டு முழுக்கத் தவழ்ந்து சுற்றியது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். தலையைச் சிரைக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னபோதுதான் பிள்ளையின் அப்பா எழுந்து நின்றார்.

"முதல் முடிம்மா. சாமிக்கு நேந்தது. இங்க வச்சுக் கத்தி படக்கூடாது."

வாடிப்பட்டி தாண்டி மலையடிவாரத்தில் அவர்களுடைய குலசாமி, கருப்பு. பிள்ளை பிறந்தால் முதல் முடியை அங்கே இறக்குவதாக வேண்டியிருந்தார்கள். பங்காளி வீட்டில் ஒரு சாவு விழுந்ததால் வருஷம் கழியட்டும் என்று தள்ளிப்போட்டிருந்தார்கள். இப்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்து மொட்டை எடுத்துவிட்டு, அன்றைக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னார். விடாவிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது.

"ஒரு நாள்தானம்மா. ஒண்ணும் ஆகாதே?"

"ஆகாதுன்னு சொல்ல மாட்டேன்" என்றார் டாக்டரம்மா. "ஆகலாம். தண்ணி திடீர்னு ஏறலாம். ஏறாமலும் இருக்கலாம். போகாம இருந்தா நல்லது."

அந்த மனிதர் காதில் 'ஏறாமலும் இருக்கலாம்' மட்டும்தான் விழுந்தது.

நான் வார்டு வாசலில் ஸ்ட்ரெச்சரோடு நின்றிருந்தேன். படிக்கிற டாக்டர் ஒருவர் டாக்டரம்மாவை ஓரமாகக் கூப்பிட்டு, "மேடம், இன்னைக்கு இங்கயிருந்து வெளிய போனா பிள்ளை உயிர் போயிரும்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க. பயந்துக்கிட்டு இருந்துருவாங்க" என்றார்.

"அப்படி எனக்குத் தெரியாதேப்பா."

"தெரியாட்டி என்ன மேடம்? சொன்னா நிப்பாங்கல்ல?"

டாக்டரம்மா திரும்பி அந்தப் பிள்ளையைப் பார்த்தார். அது கட்டில் கம்பியைப் பிடித்து எழுந்து நின்று எல்லோருக்கும் டாட்டா காட்டிக்கொண்டிருந்தது. பிறகு என்னிடம் வந்து, "தம்பி, நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? அவங்களோட போயிட்டு வர முடியுமா? பிள்ளை அசந்து தூங்குச்சுன்னா எனக்கு உடனே போன் பண்ணணும்" என்றார்.

மறுநாள் காலை ஒரு வேனில் போனோம். பிள்ளை ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் மாட்டைக் காட்டி 'ம்மா, ம்மா' என்றது. கோயிலில் தொங்கிய மணியை அடித்துவிடச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பூசாரி வரவில்லை, தாய்மாமன் வந்ததும் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். தாய்மாமன் திருப்பூரிலிருந்து வர வேண்டும். அவன் வந்த பஸ் வழியில் பழுதாகி நின்றுவிட்டது. "அடுத்த பஸ்ஸப் பிடிச்சிட்டேன் மச்சான், இந்தா வாரேன்" என்று போனில் கத்திக்கொண்டே இருந்தான். வெயில் ஏறியது. பொங்கல் பானை இறக்கி ஆறிவிட்டது. பிள்ளை ஒருமுறை வாந்தி எடுத்தது. வேனில் வந்த சூடு என்றார்கள். அப்புறம் அம்மா தோளில் தூங்கிவிட்டது.

நான் போன் செய்தேன்.

"எழுப்புங்க தம்பி. கண்ணைத் தொறக்குதா?"

"தொறக்குது மேடம்."

"அம்மாவைப் பாக்குதா?"

நான் குனிந்து பார்த்தேன். கருவிழி ரெண்டும் கீழ் இமைக்குள் இறங்கிக் கிடந்தன. "பாக்கல மேடம்."

"அப்படியே கிளம்புங்க. போனை அப்பாகிட்டக் குடுங்க."

அவர் போனைக் காதில் வைத்துக் கேட்டார். "மாமன் வாடிப்பட்டி வந்துட்டான்மா... இம்புட்டுத் தூரம் வந்துட்டு..." என்று மட்டும் சொன்னார். மனைவி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, "ஏங்க, போயிரலாங்க" என்று அழுதாள். அந்த நேரத்தில்தான், மாமன் வந்திருப்பான் என்று பூசாரி கிண்ணத்தில் தண்ணீரோடு வந்தார். என்ன சத்தம் என்று கேட்டார். நான்தான் சொன்னேன்: ஆஸ்பத்திரி, தலையில் ஆபரேஷன், அங்கே முடி எடுக்கக்கூடாது என்று வந்திருக்கிறார்கள்.

பூசாரி கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அட கிறுக்குப்பயலே. அங்க எடுத்த முடிய மஞ்சத்துணியில முடிஞ்சு வச்சிருந்து, எப்ப முடியுதோ அப்பக் கொண்டாந்து போட்டா சாமி வேண்டாம்னா சொல்லும்? மாமன் மடியில அங்க உக்காந்தா ஆகாதா? காலையில எங்கிட்டப் போன் பேசுனியே, அப்பவே ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடா?"

"ஆஸ்பத்திரின்னா தீட்டும்பீங்களோன்னு..." என்றார் அந்த அப்பா.

முடி இறக்காமலே கிளம்பினோம். வாடிப்பட்டி ரோட்டில் பையும் கையுமாக நின்றிருந்த தாய்மாமனை வண்டியை ஓரங்கட்டி ஏற்றிக்கொண்டோம். உள்ளே இடமில்லை. பிள்ளையை வாங்கி அவன் மடியில் போட்டுக்கொண்டான். ஆஸ்பத்திரி வரைக்கும் அது தாய்மாமன் மடியில்தான் கிடந்தது. அவன் அந்தச் சுருள் முடியைத் தடவிக்கொண்டே வந்தான்.

டாக்டரம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தார். யாரையும் ஒரு சொல் கேட்கவில்லை. தியேட்டருக்குப் போகும் வழியில் முடியை எடுத்தபோது, பிள்ளையின் அம்மா பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து நீட்டினாள். கோயிலில் முடியைப் பிடிக்க என்று கொண்டுபோனது. ஒரு கற்றை விடாமல் அதில் சேர்த்து, முடிந்து, தாய்மாமன் கையில் கொடுத்தார் டாக்டரம்மா. முடிச்சுப் போட அவருக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

அன்றைக்கே குழாய் வைத்துத் தண்ணீரை வடித்தார்கள். சில நாள் கழித்துக் கட்டியையும் எடுத்தார்கள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. தண்ணீர் ஏறியதில் போன கண்பார்வை திரும்பவில்லை.

பூசாரி சொன்னதை நான் டாக்டரம்மாவிடம் சொன்னது அதற்கும் பிறகு. மறைக்கலாமா என்று யோசித்தேன். அவரிடம் மறைக்க வரவில்லை. கேட்டுக்கொண்டு, "நான் கேக்கவே இல்லையே தம்பி" என்றார். "பிள்ளையைப் பத்தி எல்லாத்தையும் கேட்டேன். இதைக் கேக்கலையே." பிறகு, "அந்தப் படிக்கிற தம்பி சொன்ன மாதிரி ஒரு பொய் சொல்லியிருக்கலாமோ?" என்றார்.

"தெரியல மேடம்" என்றேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னுதான் சொல்லணும்" என்றார். அது எனக்குச் சொன்னதா, தனக்குச் சொல்லிக்கொண்டதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அவருடைய ரெண்டு கேள்வி மூன்றானது. "பிள்ளைக்கு இன்னும் என்ன செய்யாம பாக்கி வச்சிருக்கீங்க? முடியா? காது குத்தா? எந்தச் சாமி? அங்க யாரைக் கேக்கணும்? இப்பவே போன் போடுங்க, நானும் பேசுறேன்" என்பார். வார்டு அலமாரியில் பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் பக்கத்தில் மஞ்சள் துணி ஒரு கட்டு வந்து உட்கார்ந்தது. மாமன்கள் ஆஸ்பத்திரிக்கே வந்து மடி கொடுத்தார்கள். திருப்பிக் கொண்டுபோக ஆளில்லாமல் போன முடிச்சுகளும் உண்டு. அவற்றை அவர் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். எறியச் சொல்லி யாரும் கேட்கவில்லை.

அலங்காநல்லூர்ப் பிள்ளை மருந்து ஏற்ற மாதாமாதம் வந்தது. மூன்று வயதுக்குக் கீழே மூளை வளர்கிற பருவம், கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கக்கூடாது, அதுவரை மருந்தில்தான் ஓட்ட வேண்டும் என்றார்கள். மருந்தில் மறுபடி முடி கொட்டியது. "சாமிக்குக் குடுத்தது போக மிச்சத்த மருந்து எடுத்துக்கிருச்சுண்ணே" என்றார் அந்த அப்பா என்னிடம். சிரிக்கப் பார்த்தார்.

ஒருநாள் நான் ஸ்ட்ரெச்சரை ஓரமாக நிறுத்திவிட்டு நின்றேன். பிள்ளை சுவரைப் பிடித்து நடந்து வந்தது. டாக்டரம்மா வழக்கம்போல வராண்டாவில் உட்கார்ந்து, "வாடி தங்கம்" என்று சொல்லிக்கொண்டே கோட்டுப் பையிலிருந்து சாத்துக்குடியை எடுத்து உருட்டிவிட்டார். கைப்பழக்கம். பழம் பிள்ளையின் காலருகே உருண்டு, தாண்டிப் போனது. பிள்ளை அசையவில்லை. குரல் வந்த பக்கம் முகத்தை வைத்து நின்றது. நான் அந்த அப்பாவைப் பார்க்காமல் தரையைப் பார்த்தேன்.

பிள்ளை எடுக்கும் முன்னால் அவர் எழுந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கு எழுந்தார். பழத்தை எடுத்துவந்து பிள்ளை கையில் வைத்தார். அது முகர்ந்து பார்த்தது. "பழம்" என்றது.

"பழம்தான். எனக்கு உருட்டிவிடு பாப்போம்" என்று திரும்பிப் போய் உட்கார்ந்தார்.

பிள்ளை ஒரு கையால் சுவரைப் பிடித்துக் குந்தி, மறுகையால் பலம்கொண்ட மட்டும் உருட்டியது. பழம் கோணலாக ஓடி என் ஸ்ட்ரெச்சர் சக்கரத்தில் முட்டி நின்றது. நான் எடுத்துக் கொடுக்கக் குனிந்தேன். அவர் கையைக் காட்டி என்னைத் தடுத்தார். முட்டிபோட்டு, சத்தமில்லாமல் வந்து பழத்தை எடுத்துக்கொண்டு, அதேபோல் போய் முன்பிருந்த இடத்திலேயே உட்கார்ந்தார்.

"வந்துச்சா?" என்று கேட்டது பிள்ளை, கையை நீட்டியபடியே.

"வந்துருச்சுடி தங்கம்" என்றார் அவர். "நேரா என் கைக்கே வந்துருச்சு."